நவராத்திரி மண்டப ஓவியத்தை ஏன் லேமினேஷன் செய்து தருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, தக்கலையிலிருந்து வணக்கம்.

பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தை வரைந்த வாட்டர்கலர் படங்கள் இந்த வருஷமும் கடைக்கு வந்துவிட்டன. "கண்ணாடி எதற்கு, லேமினேஷன் போட்டால் விலை குறையுமே?" என்று பலரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

வாட்டர்கலரில் வெள்ளை வேண்டிய இடத்தில் பெரும்பாலும் சாயம் பூசமாட்டார்கள், காகிதத்தையே விட்டுவிடுவார்கள். படத்தில் மண்டபத்தின் கருந்தரையைப் பாருங்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த தரை என்பார்கள். நேரில் போனால் கல்தூண்கள் அதில் தலைகீழாகத் தெரியும். அந்த மினுக்கத்தை ஓவியர் வெறும் காகிதத்தால்தான் காட்டியிருக்கிறார். "தரையில் அங்கங்கே பெயின்ட் விட்டுப்போச்சே" என்று ஒரு அண்ணாச்சி விலை குறைக்கச் சொன்னார். குறைக்கவில்லை! அந்தக் காகிதம் பழுத்தால் தரையும் மங்கிவிடும்.

லேமினேஷனில் சூடும் பசையும் காகிதத்தின் சொரசொரப்பை அமுக்கிவிடும். பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. நம் மாவட்டத்துக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. சுவரில் ஓதம் ஏறும். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும், பூசணமும் பிடிக்கும். அதனால்தான் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டையை வைத்து இடைவெளி விடுகிறோம். சாதா அட்டையில் உள்ள அமிலம் நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கும் என்பதால் அமிலமில்லாத அட்டைதான் போடுகிறோம். விலை கூடுவது இதனால்தான். பிரேமின் பின்பக்கம் கீழ்மூலைகளில் இருக்கும் ரப்பர் குமிழ்களைப் பிடுங்கிவிடாதீர்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக வேண்டும்.

சரசுவதி சம்பந்தப்பட்ட மண்டபம் என்று சிலர் பூஜையறையில் மாட்டுகிறார்கள். விளக்குப் புகை ஆகாது. வெயில் விழும் சுவரும் வேண்டாம், சில சிவப்புச் சாயங்கள் சீக்கிரம் வெளுத்துவிடும். கூடத்தின் உள்சுவர் நல்லது.

அப்புறம், திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்கள் "இது கேரளாவில்தானே?" என்று கேட்கிறார்கள். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து அங்கே போனது. 1956-இல் பத்மநாபபுரம் இருக்கும் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை நிர்வாகம் மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம். நவராத்திரிக்கு இங்கிருந்து சரசுவதி அம்மனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசாமியும் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போய்வருகிறார்கள். படத்தின் பின்னே ஒட்டும் சீட்டில் 'பத்மநாபபுரம், கன்னியாகுமரி மாவட்டம்' என்றே எழுதித் தருகிறோம்.

மண்டபத்தை நேரில் பார்த்துவிட்டுப் படம் வாங்க நினைப்பவர்கள் திங்கட்கிழமை வரவேண்டாம், அன்று அரண்மனைக்கு விடுமுறை. பழைய படத்தில் பூசணம் கண்டிருந்தால் துடைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பிரேம் கடையிலிருந்து