பின்னல் நூலில் இழையின் பெயர் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கும் சிநேகிதிகளுக்கும் தம் கையாலேயே ஸ்வெட்டர், குல்லா பின்னிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் குன்னூர்ப் பக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் கடைகளில் உல்லன் நூல் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. அதன் விலை குறைவு, துவைத்தாலும் சுருங்காது என்பதெல்லாம் உண்மைதான். எனினும் வியர்வையை உறிஞ்சாத அந்த இழையில் பின்னியதை மதுரையில் இருக்கும் கைக்குழந்தைக்கு அனுப்பினால், ஒரு நாள் போட்டோவுக்குப் போட்டதோடு அது அலமாரிக்குள் போய்விடும். சமவெளிக்கு அனுப்புவோர் பருத்தி நூலில், சற்றுப் பெரிய அளவாகவே பின்னுவது நல்லது. குளிருக்கென்று பின்னுவோர் நூலின் நுனியைக் கொளுத்திப் பார்க்கலாம்: ஆட்டு ரோமம் தலைமுடி கருகும் நாற்றத்துடன் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இதற்காக ஒவ்வொருவரும் தீப்பெட்டியுடன் கடைக்குச் செல்ல முடியுமா? நூற்கண்டின் சீட்டில் எந்த இழை எத்தனை விழுக்காடு என்பதைத் தமிழிலும் அச்சிடுமாறு உற்பத்தியாளர்களையும், பிரித்து விற்கும்போது அதைச் சொல்லி விற்குமாறு கடைக்காரர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, குன்னூர்.