சோகம் வேறு, வேலை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சு சினிமாவில் தொழிலாளர் வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ழான் ரெனுவார் ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, தென் பிரான்சின் மார்த்தீக் பகுதிக்கே போய் எடுத்த 'டோனி'யிலிருந்து (1935) தொடங்கியது சரிதான். ஆனால் வறுமையைக் காட்டினாலே யதார்த்தப் படம் என்பதுபோல முடித்திருப்பதுதான் இடிக்கிறது. முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவன் நான். படத்தில் மெஷின் வந்தால், முன்னால் நிற்பவருக்கு அது பழகிய மெஷினா என்றுதான் கண் முதலில் போகும்.

அந்தக் கண்ணுக்குத் தப்பாத படம், லோரான் காந்தேயின் 'மனித வளம்' (1999). கட்டுரையில் அதற்கு ஒரே வரி! வாரத்துக்கு 35 மணி நேர வேலை பற்றிப் பிரான்ஸே பேசிக்கொண்டிருந்த காலம். பெரிய படிப்பு படித்த மகன், அப்பா வேலை பார்க்கும் அதே தொழிற்சாலைக்கு மனிதவளத் துறைப் பயிற்சியாளராக வருகிறான். அப்பா பெருமையோடு தன் மெஷினைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மேற்பார்வையாளர் வந்து அதட்டுகிறார். பையன் முன்னால்! நல்லது என்று நம்பி, தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்க மகன் தயாரித்த கேள்வித்தாளோ ஆள்குறைப்புக்கு மறைப்பாகிவிடுகிறது; பட்டியலில் அப்பாவும் இருக்கிறார். வேலைநிறுத்தம் வருகிறது. அப்போதும் அவர் மெஷினை விட்டு நகரவில்லை. தொழிலாளி மகன் என்ற கூச்சத்தை எனக்குக் கொடுத்ததே நீதான் என்று எல்லோர் முன்னிலையிலும் மகன் கத்துகிறான். அந்த அப்பா தொழில்முறை நடிகர் அல்ல. மகனாக வரும் ஜலில் லெஸ்பெரைத் தவிர அநேகமாக யாருமே அல்ல.

ஸ்தெஃபான் ப்ரிஸேயின் 'சந்தையின் விதி' (2015) படத்தில் வின்சென்ட் லிந்தோனைச் சுற்றி இருப்பவர்களும் அப்படித்தான். சம்பளம் குறைந்தாலும் சரி, பதவி குறைந்தாலும் சரி என்று வேலை தேடும் அவரை ஸ்கைப் நேர்காணலில் சொல்ல வைத்துவிட்டு, உங்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார்கள். அழவில்லை, கத்தவில்லை. தலையாட்டுகிறார், அவ்வளவுதான்.

கான் திரைப்பட விழாவில் லிந்தோன் சிறந்த நடிகர் விருது வாங்கிய அதே ஆண்டு, அவ்விழாவின் உயரிய விருதான தங்கப்பனை நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த 'தீபன்' படத்துக்குப் போனது. பிரான்ஸுக்கு அகதியாகப் போய், தெருவில் மினுக்கும் விளக்குப் பொம்மை விற்கிற, குடியிருப்பில் கூட்டித் துடைக்கிற தீபனை நான் நம்பினேன். கடைசியில் தனியாளாக மாடியேறி ரவுடிக் கும்பல் முழுவதையும் வீழ்த்தும்போது, இதற்கு நம்மூர்ப் படமே போதுமே என்றிருந்தது. கட்டுரையாளர் அந்த முடிவைத்தான் மெச்சுகிறார்!

அப்புறம், ஒரு சின்னத் திருத்தம். கட்டுரை பிரெஞ்சுப் படமாகச் சேர்த்திருக்கும் 'ரோசெட்டா'வை எடுத்த தார்தென் சகோதரர்கள் பெல்ஜியக்காரர்கள். படம் எடுத்ததும் அங்கே செரான் ஊர்ப்பக்கம். மொழி மட்டும்தான் பிரெஞ்சு.

– ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, கோயம்புத்தூர்