இன்ஜினை மாற்றும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெயின்ட், குரோம், சீட் துணி என்று வெளிவேலைகளைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அமைப்பே விசித்திரமான பழைய கார் என்றால், அதன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு இன்ஜினோ மின்மோட்டாரோ வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஓர் இடத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க இன்ஜின் ரீகண்டிஷன் செய்யும் பட்டறையில், போரிங் மெஷினுக்கும் கிராங்க் கிரைண்டிங் மெஷினுக்கும் நடுவிலேயே நின்றவன். விசித்திரமான காரில் விசித்திரம் இருப்பதே இன்ஜினிலும், அங்கிருந்து சக்கரம் வரை போகிற பாகங்களிலும்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் தகரம்தானே?

என் தங்கை மகன் 1965 மாடல் செவ்ரோலெட் கோர்வேர் ஒன்றை ஓடாத நிலையில் வாங்கினான். 1960 முதல் 1969 மாடல் வரை அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் கோர்வேர்கள் செய்திருக்கிறார்கள்; அரிய கார் இல்லை. ஆனால் அதைப் போல அந்தக் கம்பெனி வேறு கார் செய்ததில்லை. முன்னால் இன்ஜின், பின்னால் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், நடுவே நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றே கட்டிவந்தவர்கள், இதில் ஆறு சிலிண்டர் இன்ஜினை வண்டியின் பின்கோடியில் வைத்தார்கள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று சிலிண்டர்கள் படுத்திருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. மேலே தட்டையாகக் கிடக்கும் ஒரு பெரிய விசிறி காற்றைக் கீழே தள்ளிக் குளிரவைக்கும். அந்த விசிறியை ஓட்டும் பெல்ட், பின்பக்கப் புல்லியில் நெட்டுக்குத்தலாகக் கிளம்பி, வழியில் 90 டிகிரி திரும்பி, மேலே படுக்கையாக ஓடும்.

“மாமா, எல்லாரும் வேற இன்ஜின் வைக்கச் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?” என்று கேட்டான். முதலில் பிரித்துப் பார்ப்போம், அப்புறம் பேசுவோம் என்றேன்.

வேறு இன்ஜின் வைப்பது சொல்கிற அளவுக்குச் சுலபம் இல்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கோர்வேர் இன்ஜின் ஏறக்குறைய மற்ற எல்லாக் கார் இன்ஜின்களுக்கும் எதிர்த்திசையில் சுற்றும். ஒரு காலத்தில் இதே இன்ஜினை எடுத்து வோக்ஸ்வேகன் பீட்டிலில் பொருத்தியவர்கள் உண்டு. டிஃபரன்ஷியலில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் போடாமலோ, எதிர்த்திசை கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) வைக்காமலோ விட்டால் முன்னால் போகும் கியர் எல்லாம் பின்னால் போகும். கோர்வேரில் வேறு இன்ஜினை வைத்தாலும் இதே தலைவலிதான், திசைதான் வேறு. அது போதாதென்று, கோர்வேரில் இன்ஜின் கடைசியில், கியர்பாக்ஸ் முன்னால், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் நடுவில். கிளட்சிலிருந்து வரும் ஷாஃப்ட், கிரவுன் வீலைச் சுற்றவைக்கும், உள்ளே துளையிட்ட பினியன் ஷாஃப்டின் வயிற்றுக்குள் நுழைந்து முன்னால் இருக்கும் கியர்பாக்ஸைத் தொடும். அங்கிருந்து சக்தி அதே பினியன் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து சக்கரத்துக்குப் போகும். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகச் செய்த அமைப்பில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து இன்னொன்றை எப்படி வைப்பது? பின் சீட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வி8 இன்ஜின் வைத்தவர்களும் இருக்கிறார்கள். வேலைத்திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அதில் கோர்வேர் என்று இருப்பது பெயர்ப்பலகை மட்டும்தான்.

சரி, பிரித்ததில் என்ன கண்டோம் என்று சொல்கிறேன்.

இந்த இன்ஜின்மேல் உள்ள பெரிய புகார் ஆயில் ஒழுகுவது. எண்ணெய்ச்சட்டி என்று திட்டி இன்ஜினையே கழித்துக் கட்டியவர்கள் பலர். காரணம் மிகச் சிறியது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்குக்குக் கீழே கேம் ஷாஃப்ட் இருப்பதால், வால்வுகளைத் திறக்கத் தள்ளும் கம்பிகளான புஷ் ராடுகள் சிலிண்டர்களுக்கு அடியில் ஓடுகின்றன. ஒவ்வொரு புஷ் ராடையும் சுற்றி ஒரு குழாய். மொத்தம் 12 குழாய்கள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு ரப்பர் வளையம், ஆக 24 வளையங்கள். சிலிண்டர்களை மூடும் ஹெட்டிலிருந்து ஆயில் திரும்பி வருவதும் இதே குழாய்கள் வழியாகத்தான். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட். அந்தக் காலத்து ரப்பருக்கு இந்தச் சூடு தாங்காது. நாங்கள் கழற்றிய வளையங்களில் ஒன்றுகூட வளையவில்லை. விரலால் அழுத்தியதும் பென்சில் முனைபோல் பட்டென்று ஒடிந்தன. ஒழுகிய ஆயில் எக்ஸாஸ்ட் மேல் சொட்டிப் புகையும். இந்த மாடலில் ஹீட்டருக்கும் சிலிண்டரைக் குளிரவைத்த காற்றையே எடுப்பதால், அந்த வாடை நேரே வண்டிக்குள் வரும். உட்காருபவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார். அதே அளவில் வைட்டான் என்ற செயற்கை ரப்பர் வளையங்கள் இப்போது கிடைக்கின்றன. அவை இந்தச் சூட்டைத் தாங்கும். பள்ளங்களைச் சுத்தமாகத் துடைத்து, வளையத்தில் ஆயில் தடவி, திருகாமல் கொள்ளாமல் நேராக உட்காரவைத்தால் பிரச்சினை தீர்ந்தது. இதற்காகவா ஒரு இன்ஜினைத் தூக்கிப் போடுவது!

ஹெட்டில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அலுமினிய ஹெட்டில், வால்வு மூடும்போது உட்காரும் இடமான வால்வு சீட் தனி வளையமாக அழுத்தி வைத்திருப்பது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம் விரிந்து, சீட் பிடி விட்டுக் கழன்று விழும். விழுந்தால் பிஸ்டன் தப்பாது. பழைய சீட்டைக் கடைந்தெடுத்து, சற்றே பெரிய அளவில் புதிய சீட்டை, ஹெட்டைச் சூடாக்கி, சீட்டைக் குளிரவைத்து இறக்க வேண்டும். எந்த நல்ல ரீகண்டிஷன் பட்டறையும் செய்கிற வேலைதான் இது. ஆனால் அவ்வளவு சூடு ஏன் ஏறியது என்று பார்க்காமல் சீட்டை மட்டும் மாற்றினால் பயனில்லை. எங்கள் ஹெட்டில் குளிர்த்தகடுகளின் இடுக்குகளில் வார்ப்பின்போது வழிந்த மெல்லிய அலுமினியப் பிசிறு அப்படியே காற்றை மறித்துக்கொண்டு நின்றது. இந்த இன்ஜின்களில் இது சகஜம். மெல்லிய அரத்தால் ஒவ்வொரு இடுக்காகத் திறந்தோம். டார்ச்சை அந்தப் பக்கம் பிடித்தால் இந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற வரை விடவில்லை. இன்ஜினைச் சுற்றி வரும் தகரக் கவசங்களையும் ஓர ரப்பரையும் அநாவசியம் என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் கீழே போன சூடான காற்று திரும்ப மேலே ஏறி, விசிறி அதையே மறுபடி இழுக்கும்.

சிலிண்டர்கள் தனித்தனி வார்ப்பிரும்பு பேரல்கள். உள்ளே கடையும் போரிங், மெருகேற்றும் ஹோனிங் எல்லாம் வழக்கமான வேலை. ஆனால் ஒரு பக்கத்து மூன்று பேரல்களின் தலையிலும் ஒரே ஹெட்தான் உட்காருகிறது. ஒன்று கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் அங்கே கம்பிரஷன் கசியும். அதனால் உயரத்தை மைக்ரோமீட்டரால் அளந்து ஜோடி சேர்த்த பிறகே கை வைக்கச் சொன்னேன். கேம் ஷாஃப்ட், கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது. டைமிங் செயின் கிடையாது, கியரோடு கியர். ஆகவே கேஸை மூடுவதற்கு முன்பே கியர்களில் குறித்த புள்ளியோடு புள்ளி பொருந்தியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நான் அடித்துச் சொல்ல நினைப்பது, இன்ஜினோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது. இன்ஜின் வேலை முடிந்ததும் அலுப்பில் பழைய கிளட்சையும் டிஃபரன்ஷியலையும் அப்படியே மாட்டி விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோர்வேரின் பிளைவீல், அதாவது கிளட்ச் உட்காரும் கனமான சக்கரம், ஒரே வார்ப்பு இல்லை. தகடுகளை ரிவிட் அடித்துச் சேர்த்தது. நாளாக நாளாக ரிவிட் தளரும். ஐடிலிங்கில் உள்ளேயிருந்து டக் டக் என்று சத்தம் வரும். கேட்பவர் கிராங்க் பேரிங் போய்விட்டது என்றே நினைப்பார். ரிவிட்டை எடுத்துவிட்டு போல்ட் போட்டு இறுக்கிய பிளைவீல் வைத்தால் அந்தச் சத்தம் போயே போய்விடும். டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் பற்களில் நீல மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துப் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையேயான இடைவெளி, சரிசெய்ய வேண்டும். 1965 மாடலிலிருந்து பின்பக்க ஆக்ஸில் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். முந்தைய மாடல்களில் பக்கத்துக்கு ஒரு மடங்கும் ஜாயின்ட்தான். வாகனப் பாதுகாப்புக்காகப் போராடிய அமெரிக்கர் ரால்ஃப் நேடர் கடுமையாகச் சாடியது அந்த வண்டிகளைத்தான். புதிய அமைப்பில் பக்கத்துக்கு இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட், அவற்றுக்கு நடுவே உள்ள ஷாஃப்டே சக்கரத்தைத் தாங்கவும் செய்கிறது. அதனால் அங்கே ஆட்டம் இருந்தால் சத்தத்தோடு போகாது, வண்டியின் நிலைப்பையே கெடுக்கும். பின் சக்கர பேரிங்குகளுக்கு கிரீஸ் அடிக்க வழியே வைக்கவில்லை. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அவை வறண்டு போயிருக்கும். தொடாமல் விடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட் பற்றி ஒன்று. புதிய கேமும், அதன்மேல் உரசி ஓடும் டேப்பெட்டும் போட்டிருந்தால் ஐடிலிங்கில் விடக் கூடாது. உடனே நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றி 20 நிமிடமாவது ஓடவிட வேண்டும். ஆயிலிலும் துத்தநாகச் சேர்மானம் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்றைய கார்களுக்கான ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, மின்மோட்டார் மேல் எனக்குப் பகை இல்லை. புதிய வண்டி மின்சாரத்தில் ஓடட்டும். ஆனால் இந்த இன்ஜினை நம்பி ஆகாயத்தில் பறந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே விமானம் கட்டிய அமெரிக்கர் பெர்னார்ட் பீட்டன்போல் தன் சிறு விமானத்தில் 1960-களிலேயே இதைப் பொருத்தினார், இன்றும் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். அப்படிப்பட்டதை ரப்பர் வளையம் ஒழுகுகிறது என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாமா? மனம் ஆறவில்லை. ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கழற்றிய இன்ஜினை, குறிப்பாக அந்தத் தகரக் கவசங்களையும் பினியன் ஷாஃப்டையும் விற்றுவிடாமல், ஆயில் தடவி மூடி வையுங்கள். நாளைக்கு வண்டியை வாங்குகிறவர் தேடுவார்.

பேரல் உயரம், பேரிங் இடைவெளி, பேக்லாஷ் என்று வேலையின்போது எடுத்த அளவுகளையெல்லாம் என் தங்கை மகன் ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறான். இதே வேலையில் இறங்கும் வாசகர் யாராவது உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால், நகல் எடுத்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஜின் மெஷினிஸ்ட் ஒருவர்