வீட்டிலேயே டயாலிசிஸ்: முதலிலேயே சொல்லலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து ஐந்து வருடமாகிறது. ஆரம்பத்தில் வாரம் மூன்று நாள் வியாசர்பாடியிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மெஷினில் நான்கு மணி நேரம், மறுபடி ஆட்டோ. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது இரண்டு லிட்டர் டயாலிசிஸ் திரவப் பையைக் கம்பியில் மாட்டுகிறோம். திரவம் வயிற்றுக்குள் சில மணி நேரம் இருந்து, கழிவோடு வெளியே வடிகிறது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கை கழுவி, மாஸ்க் போட்டு, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் அதுதான் தண்டனை! வடிந்த பையை உங்கள் நாளிதழ் மேல் வைத்துப் பார்ப்பேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. கலங்கலாக இருந்தால் தொற்று, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கட்டில்மேல் அடுக்கிய பைகள் இருந்ததால் ஒருவேளைகூடத் தவறவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். இது எல்லோருக்கும் ஒத்துவராதுதான். ஆனாலும் மெஷின் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போடும் முன்பே இரண்டு வழிகளையும் தமிழில் விளக்கிச் சொல்வதை மருத்துவமனைகளுக்கு அரசு கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை