என்ன வியாபாரம் என்றும் எழுதுங்கள்: ஹல் நகரத்துக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் ஹல் நகரின் நினைவுப் பலகைகளுக்கும் சிலைகளுக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வந்து சேரும். இதைத் தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் என் அம்மா.

போன கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மளிகைக்கடை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றிக் காட்டினேன். குயின்ஸ் கார்டன்ஸ் ஓரத்தில் 102 அடித் தூணின் உச்சியில் நிற்கும் வில்பர்போர்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவங்க வீட்ல என்னப்பா வியாபாரம்?" என்றார். அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாடுபட்டவர் என்று ஆரம்பித்தேன். "அது சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?" என்று மறுபடி கேட்டார்.

கேள்வி நியாயமானது. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். வில்பர்போர்ஸ் குடும்பம் பால்டிக் கடல் நாடுகளோடு வணிகம் செய்து பணம் சேர்த்த குடும்பம். தாத்தா சேர்த்த செல்வம் பேரனுக்கு வந்தது. 1780-ல் 21 வயதில் நாடாளுமன்றத் தேர்தலில் ஹல் தொகுதிக்கு நின்றபோது அவர் செலவழித்தது 8,000 பவுண்டுக்கு மேல். அன்றைய வழக்கப்படி அதில் கணிசமான பகுதி வாக்காளர்களின் கைக்கே போயிற்று. (தேர்தலுக்குப் பணம் கொடுப்பதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைக்கும் நம்மூர்க்காரர்கள் கவனிக்கவும்.) இன்னொன்று: ஹல் கிழக்குக் கடற்கரைத் துறைமுகம். அதன் கப்பல்கள் பெரும்பாலும் வட ஐரோப்பாவை நோக்கிப் போயின. லிவர்பூலையும் பிரிஸ்டலையும் போல அடிமைக் கப்பல்களால் கொழுத்த ஊர் அல்ல. லிவர்பூலிலிருந்து ஒருவர் அதே குரலை எழுப்பியிருந்தால் வாக்கு கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம். இதனால் அவர் பெருமை குறையாது. ஆனால் குடும்ப வணிகம் தெரிந்தால்தான் கதை முழுசாகப் புரிகிறது.

அடுத்து பிராஸ்பெக்ட் தெருவில் ஏமி ஜான்சன் சிலை. 1930 மே 5 அன்று லண்டன் அருகே கிராய்டனில் கிளம்பி, மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். சுமார் 11,000 மைல். அந்த வழியில் தனியாகப் பறந்த முதல் பெண். விமானம் பழையது, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. அதை வாங்க அப்பாவும் பணம் கொடுத்தார். அப்பா ஹல் மீன் வியாபாரி. விமானத்துக்கு ஏமி வைத்த பெயர் 'ஜேசன்'. ஏதோ கிரேக்கப் புராணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அப்பாவின் மீன் கம்பெனியின் வணிக முத்திரை! நம்மூரில் லாரி நெற்றியில் கடைப் பெயரை எழுதுவதுபோல, மீன் மார்க்கெட் முத்திரையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் பாதி உலகத்தைக் கடந்திருக்கிறார். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஏமியை ரொம்பப் பிடித்துவிட்டது. சிலை பக்கத்தில் ஒரே ஒரு வரி போதும்: ஜேசன் என்பது அப்பாவின் மீன் முத்திரை.

அம்மாவின் கண் அகல விரிந்தது ரெக்கிட் பெயரைச் சொன்னபோதுதான். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஐசக் ரெக்கிட், வேறு ஊர்களில் தொழில் கைகொடுக்காத நிலையில் 1840-ல் ஹல்லுக்கு வந்து ஒரு கஞ்சிமாவு ஆலையை வாடகைக்கு எடுத்தார். பின்னால் துணிக்குப் போடும் நீலமும் செய்தார்கள். "நம்ம ராபின் நீலமா?" என்றார் அம்மா. அதேதான். எங்கள் வீட்டில் அப்பாவின் வேட்டியெல்லாம் வெளுத்தது அந்த நீலத்தில்தான். 1930களில் வந்த டெட்டாலும் இந்தக் கம்பெனியுடையதுதான். மகன் ஜேம்ஸ் ரெக்கிட் 1908-ல் ஆலைக்குப் பக்கத்திலேயே சுமார் 600 வீடுகளோடு தோட்டக் குடியிருப்பு ஒன்றைக் கட்டினார். ஊரின் முதல் இலவசப் பொது நூலகமும் அவர் கொடுத்ததே. 1868-ல் ரெக்கிட் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த தாமஸ் ஃபெரன்ஸ், 1925-ல் பல்கலைக்கழகக் கல்லூரிக்காக 2,50,000 பவுண்டு தந்தார். ஊரின் ஓவியக்கூடமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நீலமும் கஞ்சியும் விற்ற காசில் ஒரு ஊருக்குப் பல்கலைக்கழகம்! இதை அந்த ஓவியக்கூட வாசலில் எழுதி வைத்தால் எங்களைப் போன்றவர்கள் நின்று படிப்போம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவு மில்காரர் ஜோசஃப் ராங்க் இந்த ஊர்க்காரர். அவர் மகன் ஆர்தர், படத் தொடக்கத்தில் சேகண்டி அடிப்பவரைக் காட்டும் அந்த ராங்க் சினிமா நிறுவனத்தை உருவாக்கினார். 1856-ல் மருந்துக்கடை திறந்த தாமஸ் ஜேம்ஸ் ஸ்மித்தோடு 1896-ல் ஹொரேஷியோ நெல்சன் ஸ்மித் சேர்ந்ததால் 'ஸ்மித் அண்ட் நெவ்யூ' என்ற மருத்துவப் பொருள் கம்பெனி ஆயிற்று. ஆங்கிலத்துக்கு நெவ்யூ என்ற ஒரு சொல் போதும். அம்மாவுக்குப் போதவில்லை: "அண்ணன் தம்பி பையனா, அக்கா தங்கச்சி பையனா?" இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் உடன்பிறந்தானின் மகன் என்று சொல்லிச் சமாளித்தேன். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வென் படம் வரைந்த ஜான் வென் இங்கே பிறந்தார். டிரைபூல் பாலத்தில் அவருடைய வட்டங்களை நீங்கள் தீட்டியிருப்பது அழகு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது.

இனி நான் உண்மையில் கேட்க வந்தது. முதலாளி வீட்டுப் பெயர்களின் பக்கத்திலேயே அங்கே வேலை செய்தவர்களும் இருக்க வேண்டும்.

1968 ஜனவரியிலும் பிப்ரவரியிலுமாக, நான்கு வாரங்களுக்குள், ஹல்லின் மூன்று மீன்பிடி டிராலர்கள் மூழ்கி 58 பேர் இறந்தார்கள். அவற்றில் செயின்ட் ரோமனஸ் ரேடியோ ஆபரேட்டர் இல்லாமலே கடலுக்கு அனுப்பப்பட்ட கப்பல். ஹெசில் ரோட்டில் மீன் தோல் உரிக்கும் வேலை செய்த லில்லியன் பிலோக்கா, தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு பெண்களைத் திரட்டினார். கப்பல்களுக்குப் பாதுகாப்பு கேட்டு 10,000 கையெழுத்துகள் சேர்ந்தன. லண்டனுக்குப் போய் அமைச்சர்களைப் பார்த்தார்கள், கேட்டதை வாங்கினார்கள். பிலோக்காவுக்குக் கிடைத்தது மிரட்டல் கடிதங்கள். வேலையும் போயிற்று, மீன் தொழிலில் மறுபடி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அந்தப் பெண்களுக்குச் சுவரோவியங்கள் இருக்கின்றன, நல்லது. ஆனால் அவை தனிக் கதையாக நிற்கின்றன. மீன் வியாபாரி மகள் ஏமியும், மீன் தோல் உரித்த பிலோக்காவும் ஒரே துறைமுகத்து மீனால் வளர்ந்தவர்கள். ஒருவரின் பலகையில் மற்றவருக்கு வழி காட்டுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபோது செய்திகளில் ஹல் என்ற பெயரைச் சொல்லாமல் 'வடகிழக்குக் கடற்கரை நகரம்' என்றே எழுதினார்கள் என்று இங்கே பெரியவர்கள் இன்னும் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பெயர் விட்டுப்போனால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெக்கிட் ஆலை அமைந்த டான்சம் லேனில் நீலத்தை அரைத்துப் பொட்டலம் கட்டிய கைகளுக்காக ஒரு பலகையில் ஆரம்பிக்கலாம். அம்மா அடுத்த கோடையிலும் வருகிறார். அந்தப் பலகை முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஸ்பிரிங் பேங்க் பக்கம் குடியிருக்கும் ஒருவன்