ரத்தம் வருகிற பக்கத்தை விட்டுவிடாதே
பாம்பன், சின்னப்பாலம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, பல் விளக்கினால் ரத்தம் வருது, அதனால் இடது பக்கம் பிரஷ்ஷே வைக்கிறதில்லை என்று போகிற போக்கில் சொன்னாய். உனக்கு அது சின்ன விஷயம். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. கடல் தாண்டி இருக்கிற பிள்ளை கவலைப்படுவான் என்று மறைத்துவிட்டோம். மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பைப் பல்லாலேயே கடித்து அறுத்த மனுஷன் அவர். நண்டுக் காலை நொறுக்கி, சதையை எடுத்து உன் தட்டில் வைப்பாரே, நினைவிருக்கிறதா? அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. விளக்கித் துப்பினால் எச்சில் லேசாகச் சிவந்திருக்கும். வலி இல்லை. வலி இல்லாததால் அவரும் கண்டுகொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு வாயில் ஒரு நாற்றம். ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிந்தது. கீழ் முன்பல் இரண்டு ஆட ஆரம்பித்தன.

அவ்வப்போது ஈறு வீங்கும். மருந்துக் கடையில் கேட்டால் சீட்டு இல்லாமலே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாளில் வீக்கம் வடியும், படகேறிவிடுவார். இப்படியே நாலு வருஷம் போனது. மாத்திரை வீக்கத்தை மட்டும் அடக்கியது. ஈறுக்குள் பல்லோடு கல்லாக இறுகிப்போன அழுக்கு, அந்தக் காரை, அப்படியேதான் இருந்தது. அந்தக் கடைக்காரர் ஒரு தடவையாவது "பல் டாக்டரைப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

போன வருஷம் தை மாதம் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் வீங்கியது. வலிக்குப் புகையிலையை அடக்கிப் பார்த்தார். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றியதில் ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. மூன்றாம் நாள் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. தாடைக்குக் கீழே கழுத்துவரை இறுகிப்போயிருந்தது. கஞ்சித் தண்ணி கொடுத்தேன், இறங்காமல் கடைவாயில் ஒழுகியது. சொந்த எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துத் துடைத்து, துண்டே நனைந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கீறிச் சீழ் எடுத்து, ஊசி போட்டு, அந்தப் பல்லையும் பிடுங்கினார்கள். இன்னும் விட்டிருந்தால் வீக்கம் மூச்சை அடைத்திருக்கும் என்றார் டாக்டரம்மா. உனக்கோ உன்கூட இருக்கிற பையன்களுக்கோ தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சலோடு விழுங்க முடியாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது தம்பி. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அன்றைக்குத்தான் சர்க்கரையும் பார்த்தார்கள். 312 இருந்தது. இருப்பதே அதுவரை தெரியாது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறில் புண் இருந்தால் சர்க்கரையும் அடங்காது, இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும் என்றார்கள். அப்பாவுக்கு இருப்பதால் நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

மீதிச் சிகிச்சை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நடந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கரையில் நின்றதே, அந்தச் சமயம். கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு அளந்தார் டாக்டரம்மா. 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது, அப்பாவுக்கு 7 போனது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாள் வலது பக்கம், இன்னொரு நாள் இடது பக்கம் என்று ஈறுக்கு அடியில் சுரண்டி எடுத்தார். க்ளீனிங் பண்ணினால் பல் ஆடிவிடும் என்று நம்ம தெருவில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். வெளியே படகின் அடியில் சிப்பி மாதிரி ஒட்டி வளர்ந்த கொட்டலசைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுரண்டினால் பலகையா கெட்டுப்போகிறது? காரை போனதும் பல்லிடுக்கு தெரிகிறது. காரைதான் அதுவரை மறைத்து வைத்திருந்தது. ஆனால் கரைந்த தாடை எலும்பு தானாகத் திரும்பி வளராதாம். ஆடிய முன்பல் இரண்டும் போய்விட்டன. இப்போது மீனை நான் முள் எடுத்துப் பிசைந்து கொடுக்கிறேன்.

உனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை, ராசா. ரத்தம் மட்டும் வருகிற கட்டத்தில் காரையை எடுத்து, ஒழுங்காக விளக்கினால் ஈறு பழையபடி ஆகிவிடும். ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கத்தை விட்டால் அழுக்கு இன்னும் சேரும், ரத்தமும் கூடும். மெத்தென்ற பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைத்து ரெண்டு நிமிஷம் தேய். அழுத்தாதே. ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை கட்டாயம். பல்லிடுக்கில் அதற்கென்றே இருக்கிற நூலை (ஃப்ளாஸ்) விட்டு எடுக்கப் பழகு. வெதுவெதுப்பான தண்ணியில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது எரிச்சலைத் தணிக்கும், காரையை அது எடுக்காது. கரித்தூள் வேண்டாம், பல்லைத் தேய்த்துவிடும். யாரிடமாவது மிச்சம் இருக்கிற மாத்திரையை வாங்கிப் போடாதே.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. அங்கே உதட்டுக்குள் புகையிலைத் தூள் வைக்கிற பழக்கம் இருக்கிறதாகக் கேள்விப்பட்டேன். இருந்தால் இன்றே விட்டுவிடு. அதை வைக்கிற இடத்தில் ஈறு கீழே இறங்கிப் போகும். பீடி சிகரெட்டோ ரத்தம் வருவதைக் குறைத்துக் காட்டும், ஈறு நல்லாகிவிட்டது என்று நாம் ஏமாந்து போவோம். வாயில் வெள்ளைத் திட்டோ புண்ணோ ரெண்டு வாரம் ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்டணும்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே. அங்கே பல் டாக்டருக்கு ஆகிற பணத்தை எண்ணாதே. அந்த மாசம் வீட்டுக்குக் குறைத்து அனுப்பு, நான் கடல்பாசி எடுக்கப் போகிறேன், சமாளித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாசம் அங்கே வருகிறான். அவனிடம் நாலு மெத்தென்ற பிரஷ்ஷும் நெத்திலிக் கருவாடும் கொடுத்து விடுகிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே போன் பண்ணு. உதட்டை இழுத்துக் காட்டு, இடது பக்கத்தை நான் பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா