செந்தூல் வீட்டு பீம்

பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் தண்ணீர்மலைக் கோயில் படிகளில் இன்னும் ஏறவிடவில்லை.

சரி, வீட்டு விஷயம். சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு, மேலே உள்ள சுமையைத் தாங்கப் போடும் கான்கிரீட் பீமின் (உத்தரத்தின்) உயரத்தை 500 மில்லிமீட்டரிலிருந்து 400 ஆகக் குறைக்கலாம், பதிலுக்கு சி30 கான்கிரீட்டை அதைவிடப் பலமான சி40 ஆக்கினால் போதும் என்று கான்ட்ராக்டர் சொல்கிறாராம். ஒப்புக்கொள்ளாதே.

கான்கிரீட் வடிவமைப்புக்கு நாம் படித்த பிஎஸ் 8110 விதிமுறை போய் யூரோகோட் 2 வந்துவிட்டது, ஆனால் அடிப்படை அதேதான். பீம் வளையும்போது மேல்பக்கம் நசுங்கும், அதைக் கான்கிரீட் தாங்கும். கீழ்ப்பக்கம் இழுபட்டு வெடிக்கும், அங்கே முழு இழுவையும் கம்பிக்குத்தான். இரண்டு விசையும் சமம். அந்த விசையை, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவதே பீமின் வளைவுத் தாங்குதிறன்.

உன் பீமையே போட்டுப் பார்த்தேன். அகலம் 250, கீழே 20 மி.மீ. கம்பி மூன்று, மேல்முகத்திலிருந்து கம்பி மையம் வரை 450. கம்பிப் பரப்பு 942 சதுர மி.மீ.; கம்பியின் பலமான 500 கிரேடை (சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன்) பாதுகாப்புக்காக 0.87 ஆல் பெருக்கிக் கணக்கிட்டால் இழுவை 410 கிலோநியூட்டன். அதைச் சமன்செய்ய சி30-இல் மேலே 96 மி.மீ. ஆழத்துக்குக் கான்கிரீட் நசுங்கினால் போதும். அதில் பாதியை 450-இல் கழித்தால் 402. ஆக, தாங்குதிறன் 165 கிலோநியூட்டன் மீட்டர்.

அதே பீமுக்கு சி40 போட்டால் 170 வருகிறது, அவ்வளவுதான். கான்கிரீட்டின் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடியும் பீமுக்குக் கிடைப்பது 3 விழுக்காடு! உயரத்தை 400 ஆக்கினால், சி40 போட்டும் 129-க்கு இறங்கிவிடும். நான்காவது கம்பி சேர்த்தால் திரும்ப 165 வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பீம் நடுவில் கீழே தொய்வதை என்ன செய்வது? வளையாமல் நிற்கும் விறைப்பு உயரத்தின் மும்மடிப்படி மாறுவதால் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மேலே இருக்கிற சுவரில் விரிசல் விழுந்தால் உன் அண்ணிதான் தினமும் அதைப் பார்த்துக் கவலைப்படுவார்.

பதிவுபெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் சுவரில் கை வைக்க விடாதே. வரைபடம் வந்ததும் எனக்கு அனுப்பு, தொய்வுக் கணக்கையும் சரிபார்த்துச் சொல்கிறேன். அப்புறம், கான்கிரீட் ஊற்றும் முன் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியை அச்சுப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா என்று நீயே குனிந்து பார்.

அன்புடன்,
உன் நண்பன்